ஆப்ரி ஸ்மித் இங்கிலாந்து கேப்டனா, இல்லையா?

மூன்றாம் ஸ்லிப்:
"பழைய ஹாலிவுட் முகங்கள்" இழையில் மௌனப்பட ரசிகன் அவர்கள் நேற்று உதிர்த்த முத்து இது: "சர் சி. ஆப்ரி ஸ்மித், இங்கிலாந்து டெஸ்ட் அணித் தலைவராக இருந்து தோல்வியே காணாதவர். அந்தப் புகழை உதறிவிட்டு நடிக்க வந்தவர்."

தோல்வியே காணாதவராம்! ஐயா, அவர் தலைமை தாங்கியது ஒரே ஒரு டெஸ்ட். வாழ்நாளில் ஆடியதும் அது ஒன்றுதான். ஒரே ஒரு நாள் சமைத்துவிட்டு, என் கையால் உப்பு கூடியதே இல்லை என்று மார்தட்டுவது போன்ற பெருமை இது. அதையாவது மன்னிக்கலாம். அந்த ஒரு டெஸ்டும் ஆடிய நாளில் டெஸ்டாக இல்லை. 1889 மார்ச்சில் போர்ட் எலிசபெத்தில் இறங்கியது, மேஜர் வார்ட்டன் என்பவர் ஆள் திரட்டிக் கூட்டிப்போன சுற்றுப்பயண அணி. அதற்கு இங்கிலாந்து என்ற பெயரும் ஆட்டத்துக்கு டெஸ்ட் என்ற பட்டமும் பிற்காலத்தில் ஒட்டவைத்தவை. எனவே ஸ்மித் இங்கிலாந்து கேப்டன் அல்ல. திருத்திவிடுங்கள் என்று தனிமடலில் கேட்டேன். பதில் இல்லை. ஆகவே பொதுவில் கேட்கிறேன்.

மௌனப்பட ரசிகன்:
தனிமடலுக்குப் பதில் எழுதாமல் விட்டது உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான். நீங்களே வேண்டாம் என்கிறீர்கள்.

1889 மார்ச் 12, 13. தென்னாப்பிரிக்கா 84, 129. இங்கிலாந்து 148, பிறகு 2 விக்கெட்டுக்கு 67. எட்டு விக்கெட் வெற்றி. ஸ்மித் முதல் இன்னிங்சில் 19 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 42 ரன்னுக்கு 2. எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் இது டெஸ்ட் என்றுதான் இருக்கிறது, கேப்டன் சி. ஏ. ஸ்மித் என்றுதான் இருக்கிறது. பதிவேடு பெரிதா, மூன்றாம் ஸ்லிப்பின் மூக்கு பெரிதா?

நான் எழுதியது ஒரு நடிகரைப் பற்றி. அடர்ந்த புருவம், தொங்கு மீசை, அறைக்குள் நுழைந்தாலே மற்றவர்கள் எழுந்து நிற்கவேண்டும் போலத் தோன்றும் அந்த உயரம். டார்ஜானின் 1932 படத்தில் ஜேனின் தந்தை அவர். "குயின் கிறிஸ்டினா"வில் கிரேட்டா கார்போவின் விசுவாசமான கிழ வேலைக்காரர். அதைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. கேப்டன் என்ற ஒரு சொல் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

மூன்றாம் ஸ்லிப்:
புருவத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. புருவம் உண்மையானது. கேப்டன் பதவிதான் பொய்.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? சார்லஸ் கவென்ட்ரி, பேசில் கிரீவ். இருவருக்கும் அந்தப் பயணத்தின் இரண்டு "டெஸ்டு"களைத் தவிர வேறு முதல்தர ஆட்டமே, அதாவது பெரிய அணிகளுக்கிடையே நடக்கும் பல நாள் ஆட்டமே, வாழ்நாளில் கிடையாது. எமீல் மக்மாஸ்டர் அதையும் மிஞ்சினார். கேப் டவுனில் ஆடிய இரண்டாவது ஆட்டம் ஒன்றுதான் அவருடைய மொத்த முதல்தர வாழ்க்கை. இவர்கள் இங்கிலாந்து அணியா? அந்தப் பயணத்தின் மற்ற ஆட்டங்களில் எதிரே 15 பேர், 18 பேர், 22 பேர் என்று நிறுத்தி ஆடினார்கள். பதினொருவருக்குப் பதினொருவர் என்று நடந்த இரண்டை மட்டும் பின்னால் பொறுக்கி எடுத்து டெஸ்ட் என்றார்கள். 1889இல் அது டெஸ்ட் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், 1889இல் அது டெஸ்ட் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மூன்றாம் ஸ்லிப் வழியில் போனால் பெரிய நட்டம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். கேப் டவுன் ஆட்டத்தில் ஜானி பிரிக்ஸ் 17 ரன்னுக்கு 7, 11 ரன்னுக்கு 8, ஆக 28 ரன்னுக்கு 15 விக்கெட் எடுத்தார். தென்னாப்பிரிக்கா 47, 43 என்று சுருண்டது. பாபி ஏபெல் 120 அடித்தார். அதையும் அழித்துவிடலாமா? அந்த ஆட்டத்துக்கு ஸ்மித் உடல்நலமில்லாமல் ஒதுங்க, 23 வயது மான்டி பௌடன் தலைவரானார். இங்கிலாந்தின் மிக இளைய கேப்டன் என்ற பெயர் அவருக்குத்தான். ஸ்மித் கேப்டன் இல்லையென்றால் பௌடனும் இல்லை.

மூன்றாம் ஸ்லிப்:
தாராளமாக அழியுங்கள். பௌடன் எனக்கு மாமனா, மச்சானா?

ஆற்காட்டுக்காரி:
ஒரு குணச்சித்திர நடிகரைப் பற்றிய இழையில் இதுவரை வந்தது ஸ்கோர்கார்டு மட்டும். நான் வேறொன்று கேட்கிறேன். "நடிகர், நடிகர்" என்று மௌனப்பட ரசிகன் உருகுகிறாரே, இந்த மனிதர் எங்கே நடித்தார்? கர்னல், ஜெனரல், டியூக், பிஷப். சீருடையை மாற்றினார்களே தவிர ஆளை மாற்றவில்லை. 1935இல் "தி லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்" படத்தில் மேஜர். 1937இல் "வீ வில்லி விங்கி"யில் ஷெர்லி டெம்பிளின் தாத்தாவாக ஒரு கர்னல். எல்லாம் வடமேற்கு எல்லைப்புறத்துக் கதை, பழங்குடிகளைத் திருத்த வந்த வெள்ளைக்காரக் கனவான் கதை. லான்சர் படத்தின் "கைபர் மலை" எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கலிபோர்னியாவில், லோன் பைன் ஊருக்குப் பக்கத்தில்.

அதே 1935இல் "க்ளைவ் ஆஃப் இந்தியா" வந்தது. ரொனால்ட் கோல்மன்தான் க்ளைவ். நம் ஸ்மித்துக்குப் பிரதமர் வேடம். 1744இல் சென்னைக் கோட்டைக்குக் கணக்கெழுத வந்து, 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ஆளைப் பற்றிய படம். என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், அந்தப் படத்தை நான் எந்த மனநிலையில் பார்த்திருப்பேன் என்று.

மௌனப்பட ரசிகன்:
அம்மணி, ஆற்காட்டுக் கோபத்தை க்ளைவிடம் காட்டுங்கள். பிரதமராக வந்து போனவர் என்ன செய்வார்?

ஒரே வேடம் என்பது படம் பார்க்காதவர்கள் சொல்வது. 1932இல் மட்டும் பாருங்கள். "லவ் மி டுநைட்" படத்தில் டியூக், சரி. ஆனால் காலையில் எழுந்ததும் பைஜாமாவோடு "மிமி" பாட்டைப் பாடிக்கொண்டு திரிகிற டியூக். 69 வயது மனிதருக்கு அந்தக் குறும்பு எங்கிருந்து வந்தது? அதே ஆண்டு இயக்குநர் லுபிட்ச் எடுத்த "டிரபிள் இன் பாரடைஸ்" படத்தில் வாசனைத் திரவிய நிறுவனத்தின் மதிப்பிற்குரிய தலைவர் ஜிரோன். பார்ப்பதற்குக் கோயில் தர்மகர்த்தா. உள்ளே முழுத் திருடன். எந்த முகத்தைப் பார்த்து உலகம் நம்பியதோ அந்த முகத்தையே லுபிட்ச் முகமூடியாக்கினார். 1933இல் "மார்னிங் குளோரி"யில் காத்தரீன் ஹெப்பர்னுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பழைய நாடக நடிகர். இதில் எது கர்னல்?

மூன்றாம் ஸ்லிப்:
இத்தனை படங்களைச் சொல்லியும் ஒன்றில்கூட அவர் இங்கிலாந்து கேப்டனாக வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இன்னொரு சான்று தருகிறேன், கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1887-88இல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆங்கில அணிகள் போயின. அதில் ஷ்ரூஸ்பரி என்ற ஆட்டக்காரர் கூட்டிப்போன அணிக்குத் தலைவர் இதே ஸ்மித். இரண்டு அணிகளும் சேர்ந்து 1888 பிப்ரவரியில் சிட்னியில் ஒரு டெஸ்ட் ஆடின. அதில் கேப்டன் வால்டர் ரீட். ஸ்மித்துக்குப் பதினொருவரில் இடமே இல்லை. உண்மையான டெஸ்ட் என்று வந்தபோது ஆளைச் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஆள் இல்லாத ஊருக்குப் போய்க் கேப்டன். இதற்குமேல் என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
சிட்னியில் ஆடிய இரண்டு அணிகளும் தனியார் கூட்டிப்போனவைதானே? வார்ட்டன் கூட்டிப்போனால் டெஸ்ட் இல்லை, ஷ்ரூஸ்பரி கூட்டிப்போனால் டெஸ்ட். நல்ல நியாயம்.

மூன்றாம் ஸ்லிப்:
ஆஸ்திரேலியா வேறு.

கணக்குப்பிள்ளை:
எப்படி வேறு?

மூன்றாம் ஸ்லிப்:
கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நாடகக் கொட்டகை:
கிரிக்கெட்காரர்கள் ஒரு காலைப் பிடித்து இழுக்கிறார்கள், சினிமாக்காரர்கள் மறு காலை. மனிதர் இருந்தது நடுவில், மேடையில். 1890களின் தொடக்கத்தில் மேடையேறியவர் 1930 வரை முதலில் நாடக நடிகர். 1896இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் "தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா" நாடகமானபோது வில்லன் பிளாக் மைக்கேல் இவர்தான். 1920இல் பெர்னார்ட் ஷாவின் "பிக்மேலியன்" மறு அரங்கேற்றத்தில், திருமதி பேட்ரிக் கேம்பெல்லுக்கு எதிரே பேராசிரியர் ஹிக்கின்ஸ். 1928இல் பிராட்வேயில் "தி பேச்சலர் ஃபாதர்". அதைப் பார்த்துத்தான் எம்.ஜி.எம். 1931இல் மேரியன் டேவிஸை வைத்து அதைப் படமாக்கியபோது அதே வேடத்துக்கு இவரையே கூப்பிட்டது. அப்போது வயது 67. நாடகம் 67 வருஷம் காய்ச்சி இறக்கிக் கொடுத்த ஆளைச் சினிமா கண்டுபிடித்ததாம்!

மௌனப்பட ரசிகன்:
நாடகக் கொட்டகை ஐயா, 1931க்கு முன் அவர் சினிமாவுக்கே வரவில்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1915இலேயே அமெரிக்காவில் "பில்டர் ஆஃப் பிரிட்ஜஸ்" படத்தில் நடித்துவிட்டார். 1922இல் "தி பொஹீமியன் கேர்ள்" மௌனப்படத்தில் ஐவர் நோவெல்லோ, கிளாடிஸ் கூப்பர், எல்லன் டெர்ரி இருக்கும் கூட்டத்தில் நாடோடித் தலைவன் டெவில்ஷூஃப் இவர். கர்னல் மட்டுமே போட்டார் என்ற அம்மணியும் இதைக் கவனிக்கட்டும்.

அதைவிடச் சுவையானது 1920. லெஸ்லி ஹோவர்ட், ஏட்ரியன் புரூனல், ஏ. ஏ. மில்ன் ஆகியோரோடு சேர்ந்து மினர்வா ஃபிலிம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார். மில்ன் என்றால் பின்னாளில் கரடிக்குட்டிக் கதை எழுதிய அதே மில்ன். அவர் கதை எழுதிய "தி பம்ப்" குறும்படத்தில் ஸ்மித் ஒரு பெரிய ஆய்வுப்பயணி. காடு மலையெல்லாம் வழி கண்டுபிடித்தவர் லண்டன் தெருவில் வழி தெரியாமல் தவிக்கிறார். கம்பீரத்தை வைத்துக்கொண்டே கம்பீரத்தைக் கேலி செய்வது, இதுதான் ஸ்மித்தின் முழுச் சரக்கு. 1920இலேயே கையில் இருந்தது. நிறுவனம் நிலைக்கவில்லை, அது வேறு கதை. மௌனப்படம் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நாடகக் கொட்டகை:
முகம் சுளித்தது யார்? போன மாதம், பிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃப் பற்றிய இழையில், நாடகக்காரர்கள் கேமராவுக்கு முன் கத்துகிறவர்கள் என்று எழுதியது நீங்கள். அது மறந்துவிடவில்லை.

மௌனப்பட ரசிகன்:
கார்லாஃப் இழையை இழுக்காதீர்கள். அங்கே ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பில் கார்லாஃப் ஆடினார் என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் யார் என்பதும் மறந்துவிடவில்லை.

மூன்றாம் ஸ்லிப்:
சிரித்தது நான்தான். இப்போதும் சிரிக்கிறேன். பிராங்கன்ஸ்டைன் பூதத்துக்கு யார் பந்து போடுவார்கள்?

மௌனப்பட ரசிகன்:
வேறு யார், நீங்கள் கேப்டன் இல்லை என்கிற அதே ஸ்மித்தான் போட்டார். 1932இல் அந்த கிளப்பை நிறுவியவரே அவர். கிரிஃபித் பார்க்கில் மைதானம், புல் விதைகூட இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். டேவிட் நிவென், நைஜல் புரூஸ், லாரன்ஸ் ஒலிவியர், கார்லாஃப் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்கவேண்டும். எழுத்தாளர் வோட்ஹவுஸ் கூட்டக் குறிப்பு எழுதினார். அதே ஆண்டு பிராட்மன் சேர்ந்த ஆஸ்திரேலிய அணி அமெரிக்கா போனபோது அந்தக் கிளப்போடு ஆடியது. பிராட்மன் எதிரே நின்று ஆட ஒப்புக்கொண்ட மனிதரை மூன்றாம் ஸ்லிப் ஒப்புக்கொள்ளமாட்டாராம்.

மூன்றாம் ஸ்லிப்:
பிராட்மன் தேனிலவுக்குப் போனார். போகிற வழியில் ஆடியதெல்லாம் டெஸ்ட் ஆகிவிடாது. 1889இல் போர்ட் எலிசபெத்தில் நடந்ததும் அப்படித்தான்.

ஆற்காட்டுக்காரி:
கிளப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லுங்கள். ஸ்லிப்பில் நின்ற ஸ்மித் ஒரு கேட்சை விட்டாராம். ஆட்டத்தை நிறுத்தி, வீட்டுப் பட்லரை அனுப்பிக் கண்ணாடி கொண்டுவரச் சொன்னாராம். தட்டில் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு நின்றார். அடுத்து வந்த எளிய கேட்சையும் விட்டார். முட்டாள் படிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்துவிட்டான் என்று பட்லரைத் திட்டினாராம். இதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பட்லர் பக்கம் நின்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அவரது படங்களும் இதேதான். தவறு மேலே நடக்கும், திட்டு கீழே விழும்.

மௌனப்பட ரசிகன்:
ஒரு நகைச்சுவைக் கதையையும் விட்டுவைக்கமாட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
கதை என்று வந்தால் எனக்குப் பிடித்தது வேறு. அந்த 1889 பயணம் முடிந்ததும் ஸ்மித் ஊருக்குத் திரும்பவில்லை. தங்கம் தேடி ஜோகன்னஸ்பர்க்கில் தங்கிவிட்டார். பங்குத் தரகு செய்தார். அங்கே நிமோனியா வந்து, மருத்துவர்கள் இறந்துவிட்டார் என்றே அறிவித்துவிட்டார்கள். எழுந்து உட்கார்ந்தவர் 1890இல் தென்னாப்பிரிக்க உள்நாட்டுப் போட்டியான கரி (Currie) கோப்பையின் முதல் ஆட்டத்தில் டிரான்ஸ்வாலுக்குத் தலைமை தாங்கினார். அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்து 1948 டிசம்பர் 20இல் பெவர்லி ஹில்ஸில் காலமானார். காரணம் நிமோனியா. பழைய பாக்கி.

மூன்றாம் ஸ்லிப்:
டிரான்ஸ்வால் கேப்டன் என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் கவுண்டி அணிக் கேப்டன் என்று எழுதுங்கள், 1887 முதல் 1889 வரை, முழு மனதோடு கையெழுத்துப் போடுகிறேன். பந்து வீசும் ஓட்டத்தை மிட்-ஆஃப் பக்கத்திலிருந்து வளைத்துக்கொண்டு வருவார், சில நேரம் நடுவர் முதுகுக்குப் பின்னாலிருந்து திடீரென்று முளைப்பார், அதனால் "மூலை திரும்பி ஸ்மித்" என்று பெயர் வந்தது என்று எழுதுங்கள். மல்ஹாலண்ட் டிரைவில் கட்டிய வீட்டுக்கும் அதே பெயரை வைத்து, கூரைமேல் காற்றுக்காட்டியாக மூன்று ஸ்டம்பும் மட்டையும் பந்தும் வைத்தார், அதையும் எழுதுங்கள். நான் கிரிக்கெட்டுக்கு எதிரியா? நான் கேட்பது ஒன்றுதான். இங்கிலாந்து கேப்டன் என்று எழுதாதீர்கள்.

மௌனப்பட ரசிகன்:
இங்கிலாந்து கேப்டன். இங்கிலாந்து கேப்டன். இங்கிலாந்து கேப்டன். 1944இல் மன்னர் சர் பட்டம் கொடுத்தபோதும் இங்கிலாந்து கேப்டன்.

மூன்றாம் ஸ்லிப்:
சர் பட்டம் ஆங்கில அமெரிக்க நட்புறவுக்காகக் கொடுத்தது. பந்து வீசியதற்கு அல்ல. மன்னருக்கே தெரிந்திருக்கிறது.

மட்டுறுத்துனர்:
இருவரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பதிவதை நிறுத்தவும். கார்லாஃப் இழைச் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளவும்.

வெள்ளித்திரை மாணவன்:
வணக்கம். நான் இங்கே புதியவன். இழை முழுவதும் படித்தேன். ஆப்ரி ஸ்மித் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

மௌனப்பட ரசிகன்:
வாருங்கள் தம்பி. "தி ஃபோர் ஃபெதர்ஸ்", 1939, கோர்டா தயாரித்த வண்ணப்படம். ஜெனரல் பரோஸ் வேடம். விருந்து மேஜையில், கிரிமியப் போரில் ரஷ்யர்களோடு நடந்த பாலகிளாவா சண்டையை அவர் நடத்திக்காட்டும் இடத்தைப் பாருங்கள். கொட்டைகள் ரஷ்யப் பீரங்கிகள், அன்னாசிப்பழத்துக்கும் ஒரு பதவி, நடுவில் இவர். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை என்பது கேட்கிறவர்கள் முகத்திலேயே தெரியும். இவர் குரலில் மட்டும் நேற்று நடந்தது போன்ற சூடு. கடைசியில் மருமகன் ஆகப்போகிறவன், குதிரை மிரண்டு ஓடியதால்தான் அந்தத் தாக்குதல் நடந்தது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பான். அப்போது அந்த மீசை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஆற்காட்டுக்காரி:
தம்பி, படம் சூடானில் நடக்கிறது. சூடான்காரர்கள் அதில் எதற்காக வருகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

நாடகக் கொட்டகை:
"தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா", 1937 படம் பாருங்கள். நாடகத்தில் மைக்கேலாக நின்றவர் நாற்பது ஆண்டு கழித்து இதில் கர்னல் ஜாப்ட். ரேமண்ட் மாசேக்கு இந்தப் படத்தில் மைக்கேல் வேடம், பிடிபடாமல் போய் ஸ்மித்திடம் யோசனை கேட்டாராம். இளவரசி வேடம் தவிர ஜெண்டாவில் எல்லா வேடமும் போட்டிருக்கிறேன், மைக்கேல் மட்டும் எனக்கும் கடைசிவரை புரியவில்லை என்றாராம் கிழவர். ஆனாலும் மேடையில் அவருடைய மைக்கேலுக்கு முன் இந்தப் படம் தூசி.

மௌனப்பட ரசிகன்:
1896இல் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் எந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள்?

மூன்றாம் ஸ்லிப்:
தம்பி, இது படப் பரிந்துரை இழை அல்ல, தலைப்பைப் படிக்கவும். கேட்டுவிட்டதால் சொல்கிறேன், 1940இல் ஹிட்ச்காக் எடுத்த "ரெபெக்கா"வில் தொடங்குங்கள். கர்னல் ஜூலியனாகக் கொஞ்ச நேரம்தான் வருகிறார். அலட்டல் இல்லை, அன்னாசிப்பழம் இல்லை.

மௌனப்பட ரசிகன்:
கொஞ்ச நேரம் வருவதால் பிடித்திருக்கிறது! ஒரு நடிகரைப் பற்றி இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது. தம்பி, இவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் ஸ்லிப்:
தம்பி யார் பேச்சைக் கேட்கவேண்டும் என்று தம்பி முடிவு செய்வார். வார்ட்டன் அணி போர்ட் எலிசபெத்துக்குப் புறப்படுவதற்கு முன் வேறு எந்தெந்த ஊரில் எத்தனை பேருக்கு எதிராக ஆடியது என்ற பட்டியலை இன்று இரவு இங்கே பதிகிறேன். மட்டுறுத்துனர் இழையைப் பூட்டவேண்டாம்.